காப்பெற் வீதியும் முடக்கு மதிலும்

2024 ஆவணி, ஒரு வெள்ளிக்கிழமை காலை. அம்மா பூக்கூடையைச் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு கோயிலுக்கு வெளிக்கிட்டார். எங்கட ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் இடத்தில் இறங்கி, சைக்கிளை உருட்டி, முன்சில்லை வீதியில் வைத்ததுதான் தாமதம், மோட்டார் சைக்கிள் ஒன்று அந்தச் சில்லில் வந்து அடித்தது. நான் ஓடிப் போனபோது செவ்வரத்தம்பூ தார் முழுக்கச் சிதறிக் கிடந்தது. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு அடிக்க, அம்புலன்ஸ் பிள்ளைகள் வந்து தூக்கும்வரைக்கும் அவர் வாய் திறந்து அழவில்லை. சைக்கிள் எங்கே என்று மட்டும் கேட்டார்.

அடித்த பெடியனும் பத்தடி தள்ளி விழுந்து கிடந்தான். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. குடிக்கவில்லை, போன் கதைக்கவில்லை. "அண்ணை, அம்மா வந்ததை நான் காணேல்லை" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான். நான் அவனை நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். அந்த முடக்கில் நின்றால் ஆருக்கும் ஒன்றும் தெரியாது. ஏழடி மதில்.

முன்பு அந்த முடக்கு வளவுக்குக் கிளுவை வேலிதான். இலை அடர்ந்த காலத்திலும் அதற்குள்ளால் ஒரு அசைவு தெரியும், சைக்கிள் மணி கேட்கும். வீதியும் குண்டும் குழியுமாகக் கிடந்ததால் ஆரும் விரைவாக வர வழியில்லை. பிறகு சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி மதில் கட்டினார். கிட்டத்தட்ட அதே காலத்தில் வீதிக்குக் காப்பெற், அதாவது வழவழப்பான புதுத் தார்ப்படை, வந்தது. காப்பெற் வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். சனசமூக நிலையத்தின் செயலாளராக அந்த மனுவை எழுதியதே நான்தான். அந்த மனுவில் வேகத்தைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிற வாகனம் ஒரு செக்கனுக்குள் கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடிவிடும். வேகம் இரட்டித்தால் பிறேக் பிடித்து நிற்க நாலு மடங்கு தூரம் தேவை. எங்கட முடக்கில் மதில் முடிந்து ஒழுங்கை வாய் தெரிகிற தூரம் நாலைந்து மீற்றர்தான். அதற்குள் கண் கண்டு, கை பிறேக்குக்குப் போக நேரம் ஏது?

அம்மா ஆஸ்பத்திரியால் வந்த பிறகு கடிதம் எழுதத் தொடங்கினேன். அப்போதுதான் எனக்கு ஒரு விசயம் விளங்கியது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு. மிச்ச ஒழுங்கைகள் எல்லாம் உள்ளூராட்சி சபைக்கு. அம்மா விழுந்து கிடந்ததோ இரண்டு கந்தோர்களின் எல்லை முட்டுகிற கோட்டில். ஓரிடத்தில் "விபத்து பெரிய வீதியிலதானே நடந்தது" என்றார்கள். மற்ற இடத்தில் "பிரச்சினை ஒழுங்கை வாயிலதானே" என்றார்கள். இரண்டு பதிலும் மரியாதையாகத்தான் வந்தன.

இதைக் கொண்டுபோய்க் கொடுக்க அப்போது எங்களுக்கு ஒரு பிரதேச சபை உறுப்பினரும் இல்லை. 2018 பெப்ரவரித் தேர்தலில் வந்த சபைகளின் காலம் 2023 மார்ச்சோடு முடிந்தது. அந்த மார்ச் 9இல் நடக்க இருந்த தேர்தல் நடக்கவில்லை. 2025 மே 6 தேர்தல் வரைக்கும், இரண்டு வருசத்துக்கு மேலே, யாழ்ப்பாண மாவட்டத்தின் 13 பிரதேச சபைகளும் உறுப்பினர்கள் இல்லாமல்தான் ஓடின. குப்பை எடுபட்டது, லைற் எரிந்தது. ஆனால் ஒரு முடக்கில் வந்து நின்று "இதில என்ன நடந்தது?" என்று கேட்க ஆளில்லை. உறுப்பினர் என்ற ஒருவர் எதற்கு என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டு வருசத்தைத்தான் சொல்வேன்.

போன வருசம் சபை கூடின பிறகு வந்தவர் ஒரு பெண் உறுப்பினர். வட்டாரத்தில் வென்றவர் இல்லை, கட்சிப் பட்டியலால் வந்தவர். "பட்டியல்காரிக்கு என்ன வட்டாரம், என்ன பொறுப்பு" என்று வாசிகசாலையில் கதை நடந்தது. பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டம் 2016இல் வந்து, அதன்படி சபைக்குள் போகிற பெண்களை இப்படித்தான் எங்கட ஊர்கள் வரவேற்கின்றன. எனக்கு அது வெட்கமாக இருக்கிறது.

அவர் காலை ஆறரைக்கு வந்தார், தன்ர சைக்கிளில். மதிலோடு சைக்கிளைச் சாத்திவிட்டு நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூட நேரம் முடியும்வரை நின்றார். நடந்து போகிறவர்களுக்கு ஒரு கோடு, சைக்கிளுக்கு ஒரு கோடு, மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கோடு. பஸ், வான், ரிப்பர், ஓட்டோ தனித்தனியாக. மூன்று நாள் இப்படி வந்தார். நடையும் சைக்கிளும்தான் பக்கத்தை நிரப்பின. பிறகு என்னிடம் கேட்டார், "அண்ணை, இந்த றோட்டால கனபேர் போறது சில்லு ரெண்டிலயும் காலிலயும். காப்பெற் போடேக்க அவையளிட்ட ஆரும் கேட்டவையோ?"

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் செய்த எல்லாமும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. முதலில் முடக்குக்கு ஒரு குவிவாடி பூட்டலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கண்ணாடி மார்கழிப் பனியில் மங்கும், பங்குனி வெயிலில் மின்னும். அதோடு, எட்டு வயதுப் பிள்ளை சைக்கிளில் வரும்போது மேலே ஆடியைப் பார்த்து வராது. மறைக்கிறது மதில் என்றால் மதிலோடுதான் கதைக்க வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மதில்காரரின்ர நம்பரைத் தாங்கோ" என்றார்.

அந்த மதில் களவாகக் கட்டினது இல்லை. வீதியோரம் மதில் எழுப்பச் சபையின் அனுமதி வேண்டும். அவர் எடுத்துத்தான் கட்டினார். தூரம் சரி, வீதிக்கோடு சரி. மதிலுக்குப் பின்னால் இருந்து ஒரு சைக்கிள் வரும் என்பதை மட்டும் ஆரும் யோசிக்கவில்லை. வீதிப் பாதுகாப்பு என்றால் பொலிஸ், ஹெல்மெற், தண்டப் பணம் என்றுதான் எங்களுக்கு மனதில் வரும். உண்மையில் பாதி விசயம் சபையின் திட்டமிடல் மேசையில், மதில் அனுமதியிலும் காணி பிரிப்பு வரைபடத்திலும் முடிந்துவிடுகிறது. வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காணிகள் துண்டு துண்டாகி வீட்டுக் காணியாகிற வேகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பிரிப்புக்கும் ஒரு புது ஒழுங்கை, ஒவ்வொரு ஒழுங்கைக்கும் பெரிய வீதியில் ஒரு புது வாய். எங்கட பக்கத்தில் ஒரு முடக்குக்கு இருபது அடி தள்ளி இப்படி ஒரு வாய் திறந்திருக்கிறது. அங்கே ஒன்பது வீடு வரப்போகிறது. ஒன்பது வீட்டுப் பிள்ளைகள்.

மதில்காரரோடு உறுப்பினர் ராத்திரி பத்தரைக்குக் கதைத்தார், கனடாவில் அது பகல். முதல் நாள் அவர் கோபப்பட்டார். அவருடைய பக்கத்தையும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆளில்லாத வளவு, களவுப் பயம், பாடுபட்டு உழைத்த காசு. சட்டம் கதைக்காமல் உறுப்பினர் ஒரு வேலை செய்தார். அவருடைய மருமகப் பெடியனைப் பிடித்து, சைக்கிளில் இருந்தபடியே ஒழுங்கையால் வந்து வீதியில் ஏறுகிறதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். முப்பது செக்கன் வீடியோ. அதில் கடைசிவரை மதில்தான் தெரியும், திடீரென்று ஒரு வான் சத்தம், பெடியன் "ஐயோ" என்கிறான். அடுத்த கிழமை மேசன் வந்தார். மூலையில் இரண்டு பக்கமும் பத்துப் பத்தடிக்கு மதிலை மூன்றடியாகக் குறைத்து மேலே கம்பி வைத்தாயிற்று. செலவு முழுவதும் அவருடையது. இதை இங்கே எழுத அவரிடம் கேட்டேன், பெயர் போடாதே என்றார்.

இதற்குள் ஒரு தவறும் நடந்தது. மதில் வேலைக்கு முதலே, பொறுமை கெட்ட சில பெடியள் ராத்திரியோடு ராத்திரியாக முடக்கடியில் சீமெந்தால் ஒரு மேடு போட்டுவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். வெள்ளை அடிக்கவில்லை, பலகை வைக்கவில்லை, லைற்றும் இல்லை. இரண்டாம் நாள் இருட்டில், மீன் பெட்டியோடு போன ஒரு ஐயா அதில் ஏறி விழுந்து தோள்பட்டை விலகிவிட்டது. அதை உடைக்க வேண்டும் என்று முதலில் நின்றவர் அதே உறுப்பினர். பெடியள் அவரோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. வாக்குக்காக வாழ்கிறவர் என்றால் அன்றைக்குக் கண்டும் காணாமல் போயிருப்பார்.

அவர் எடுத்த இன்னொரு விசயம் காப்பெற் விளிம்பு. நீங்கள் வாகனத்தில் மட்டும் போகிறவர் என்றால் இது உங்கள் கண்ணில் படாது. பழைய தாருக்கு மேலே புதுப் படை வந்து வந்து, வீதி உயர்ந்துவிட்டது, பக்கத்து மண் மழையில் கரைந்து கீழே போய்விட்டது. எங்கட பள்ளிக்கூட மதிலடியில் அடிமட்டம் வைத்து அளந்தோம், ஐந்து இஞ்சி. பின்னால் பஸ் ஹோண் அடிக்க, சைக்கிளில் போகிற பிள்ளை ஒதுங்கும். ஒதுங்கினால் முன்சில்லு அந்த ஐந்து இஞ்சிக்குள் இறங்கும். திரும்ப ஏற்ற முயன்றால் சில்லு வழுக்கி, பிள்ளை பஸ் பக்கமே விழும். இதை அவர் பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் சொன்னார். மற்றக் கந்தோருக்குக் கட்டளை போட ஒரு சபை உறுப்பினரால் முடியாது. ஆனால் கூட்டக் குறிப்பில் ஏற்றலாம், அடுத்த கூட்டத்தில் "என்ன நடந்தது?" என்று கேட்கலாம். மூன்றாம் முறை கேட்ட பிறகு கிறவல் வந்து ஒரு பக்கம் நிரம்பியது. மற்றப் பக்கம் இன்னும் இல்லை. மாரி மழையில் இந்தப் பக்கமும் கரையும் என்பது எனக்குத் தெரியும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தெருவிளக்கு சபையின் சொந்த வேலை. அதிலும் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இதுவரை லைற் விழுந்த இடங்களைப் பார்த்தால், ஆர் கேட்டார்களோ அவர்களின் படலையடியில்தான் கூட. மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டு. ரியூசன் விட்டுப் பிள்ளைகள் ஆறரைக்கு வருகிறார்கள், முக்கால்வாசிச் சைக்கிளுக்கு டைனமோவும் இல்லை. விளக்கு முதலில் ஒழுங்கை வாய்களுக்கும், மதகடிக்கும், கட்டாக்காலி மாடு படுக்கிற இடங்களுக்கும் போக வேண்டும். ரயில் கடவையடிக்கும். காங்கேசன்துறைப் பாதை 2015 தையில் திரும்பத் திறந்ததில் இருந்து எங்கட பக்கத்துக் கடவைகளில் காவல் நின்றவர்கள் நாளுக்கு 250 ரூபாய்க்கு வெயிலிலும் மழையிலும் நின்றார்கள். படலை போடுவது சபையின் கையில் இல்லை. பற்றையை வெட்டி, தண்டவாளம் தெரிகிற மாதிரி வைத்திருப்பதைச் சபை முன்னின்று செய்யலாம்.

பிரதேச சபைகள் சட்டம் 1987இல் வந்தது. சபை அமைக்கிற குழுக்களில் உறுப்பினர்களோடு ஊரவர்களும் இருக்கலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவை, சுற்றாடல் என்று குழுக்கள். இத்தனை வருசமாக எங்கட ஊரில் இருந்து ஒருவரும் அதில் இருக்கக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மதில் அனுமதியும் காணி பிரிப்பும் போகிற மேசையில், பிள்ளையைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போகிற ஒரு தாய் இருந்தால் எத்தனை முடக்கு தப்பும்! கேட்டும் தராவிட்டால் எழுத்தில் காரணம் கேளுங்கள். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

நான் சொல்ல வருவது எங்களைப் பார்த்துத்தான். உறுப்பினரை நாங்கள் எதைக் கொண்டு அளக்கிறோம்? எத்தனை மீற்றர் காப்பெற், எத்தனை லைற், செத்த வீட்டுக்கு வந்தாரா. மதில் மூலையை வெட்டச் சொன்னதற்கும், மேட்டை உடைக்கச் சொன்னதற்கும், முடக்குக்கு அருகே ஒழுங்கை வாய் வேண்டாம் என்று கை உயர்த்தியதற்கும் எங்களிடம் புள்ளி இல்லை. அந்த ஒன்பது வீட்டுக் காணிக்கு எதிராக அவர் சபையில் கதைத்தபோது அவரோடு சேர்ந்து கை உயர்த்தியவர்கள் மிகக் குறைவு. எங்கட வட்டாரத்து உறுப்பினர் உயர்த்தவில்லை. அவரை நான் பிழை சொல்லவில்லை, அவருக்கு ஊரில் இருந்து ஒரு போன்கூடப் போகவில்லை. காணிக்காரர் பக்கமிருந்து மட்டும் பத்துப் போன் போயிருக்கும்.

அடுத்த ஆண்டுப் பாதீட்டுக்கு முன்மொழிவுகள் கேட்கிறார்கள். வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்கு வாசிகசாலையடியில் இருந்து மதகடிவரைக்கும் வீதியை நடந்து பார்க்கப் போகிறோம், உறுப்பினர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறோம். ஆளுக்கொரு கொப்பி கொண்டுவாருங்கள், அடிமட்டம் என்னிடம் இருக்கிறது. முக்கியமாகச் சைக்கிளில் போகிற பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள், எந்த இடத்தில் பயம் என்று அவர்கள் காட்டட்டும். அம்மாவும் வருகிறேன் என்கிறார். கம்பு ஊன்றி முடக்குவரைக்கும் தன்னால் நடக்கலாமாம், அதுக்கு மேலே ஓட்டோவில் ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறார்.