பக்கத்து வளவுத் தங்கம்

முந்தநாள் நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். "கிரேட் பெயாருக்குப் பக்கத்திலேயே கிளெய்ம், மேப்பைப் பாருங்கோ" என்று தங்கம் தேடும் ஒரு கம்பனியின் வரைபடத்தைத் திரையில் போட்டு, எங்கடை சனத்தின் சேமிப்பை அதன் பங்கில் இறக்கச் சொன்னார்கள். கிளெய்ம் என்றால் கனிமம் தேட அரசிடம் பதிந்த நிலத்துண்டு. கிரேட் பெயார், ஒன்ராறியோவின் ரெட் லேக் பக்கம் தங்கப் படிவு கண்ட கம்பனி. கீழே போய் ஒன்றுதான் கேட்டேன்: படத்தின் திகதி என்ன? "பொறாமை" என்று பதில் வந்தது. அதற்கு இதயங்கள் வேறு.

பக்கத்து வளவுத் தங்கம் பக்கத்து வளவுக்காரனுடையது. 2022இல் கின்றொஸ் என்ற பெரிய சுரங்கக் கம்பனி ஏறக்குறைய 180 கோடி கனடிய டொலர் கொடுத்தது கிரேட் பெயாரின் டிக்ஸி நிலத்துக்காக. வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கு அதில் ஒரு சதமும் போகவில்லை.

கம்பனி போடும் வரைபடம் விளம்பரம். தங்கள் நிலம் கடும் மஞ்சள், அடுத்தவன் படிவுக்குச் சிவப்பு நட்சத்திரம், இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளிக்கோடு. அந்தக் கோட்டைப் போட்டது டிரில் அல்ல, படம் வரைகிற பிள்ளை.

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் ஒழுங்காக ஒப்பிடுங்கள். ஒன்ராறியோவில் 2018 ஏப்ரல் முதல் கிளெய்ம் பதிவெல்லாம் இணையத்தில்தான். காட்டுக்குள் போய்க் கட்டை நடும் காலம் போய்விட்டது. எல்லைக் கோப்பை இலவசமாக இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, கம்பனிப் படத்தை அதன்மேல் பொருத்துங்கள். ஏரிக்கரையைப் பிடித்துப் பொருத்த வேண்டாம், சின்னப் படத்தில் கரையை இழுத்து வழித்து வரைந்திருப்பார்கள். படத்திலுள்ள யூடிஎம் (மீட்டரில் இடம் காட்டும்) கட்டக்கோடுகள் வெட்டும் புள்ளிகளில் மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்றிரண்டு எடுங்கள். எல்லாமே வடக்குத் தெற்காக 200 மீட்டர் சொச்சம் விலகி நின்றால் படம் பழைய நாட் 27 ஆள்கூற்று முறையில் (1927இன் அளவீட்டு அடிப்படையில்) இருக்கலாம். அரசுப் பதிவு புதிய நாட் 83இல். ரெட் லேக் பக்கம் ஒரு கிளெய்ம் கட்டத்தின் பக்கமே 500 மீட்டருக்குக் குறைவு. 200 மீட்டர் பிசகினால் கிட்டத்தட்ட அரைக் கட்டம் போய்விடும்.

பிறகு ஒவ்வொரு கிளெய்மிலும் இலக்கம், பெயர், காலாவதித் திகதி. ஒற்றைக் கட்டத்துக்கு ஆண்டுக்கு 400 டொலர் ஆய்வுவேலை காட்டவேண்டும். காட்டாவிட்டால் கிளெய்ம் போகும், படத்தில் மஞ்சள் மட்டும் போகாது. பெயர் வேறு யாருடையதோ என்றால் கம்பனி வைத்திருப்பது வெறும் ஒப்சனாக, அதாவது பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமையாக இருக்கலாம். எத்தனை வீதம், எவ்வளவு கட்டினால், ராயல்டி யாருக்கு என்று தேடுங்கள்.

பக்கத்து நிலத்தின் துளைவாய் (துளை தொடங்கும் இடம்) எல்லைக்கு அருகே இருக்கிறது என்று துள்ளவும் வேண்டாம். கிடையிலிருந்து 50 பாகையில் சாய்த்து 400 மீட்டர் துளைத்தால், அடிமுனை தரைக்கணக்கில் சுமார் 257 மீட்டர் தள்ளிப் போய் நிற்கும். எந்தப் பக்கம்? படிவு உங்கள் பக்கம் சாய்கிறதா, முதுகைக் காட்டிக்கொண்டு போகிறதா? நடுவில் பிளவு ஏதும் வெட்டுகிறதா?

"அப்ப ஹெம்லோவில் பக்கத்து நிலத்தில் வரவில்லையா?" வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒன்ராறியோவின் அந்தத் தங்கவயலில் வில்லியம்ஸ், கோல்டன் ஜயன்ட், டேவிட் பெல் என்று அடுத்தடுத்து மூன்று சுரங்கம். ஆனால் கொரோனா என்ற சின்னக் கம்பனி தன் நிலத்தில் துளைத்து, படிவு வில்லியம்ஸ் பக்கம் போவதற்கான அறிகுறியைக் கண்டது. அந்த விபரத்தைக் கொரோனாவிடமே கேட்டறிந்த லாக் என்ற பெரிய கம்பனி வில்லியம்ஸ் நிலத்தை வாங்க, 1989இல் கனடிய உச்ச நீதிமன்றம் அதைக் கொரோனாவுக்கே கொடுக்கச் சொன்னது. கொரோனாவிடம் இருந்தது துளைமுடிவு. உங்களிடம் இருப்பது புள்ளிக்கோடு.

"சின்னக் கம்பனிகள் வளரக்கூடாதோ?" வளரட்டுமே! யார் மறித்தது? அடுத்த நிலத்துத் தகவலைச் சொன்னால், அது இந்த நிலத்துக்குப் பொருந்தும் என்றில்லை என்றும் தொழில்நுட்ப அறிக்கையில் எழுதவேண்டும், கனடாவில் சுரங்கக் கம்பனிகள் தகவல் வெளியிடுவதற்கான விதியான என்.ஐ. 43-101 அப்படித்தான் கேட்கிறது. அந்தச் சின்ன எழுத்து படத்தின் அடியிலும் இருந்தது. நேரலையில் அடியை வெட்டித்தான் காட்டினார்கள். இரவுவேலை செய்து சேர்த்த காசை வைத்திருக்கிறவன் அதை வாசிக்கக் கூடாதாம், கேட்கிற நான்தான் சமூகத்தின் எதிரியாம்.

வாங்குகிறவர்கள் வாங்குங்கள். அதற்கு முன் இந்தக் கம்பனி தன் சொந்த நிலத்தில் எத்தனை மீட்டர் துளைத்தது, எத்தனை கிராம் வந்தது என்று கேளுங்கள். விமானத்தில் காந்த அளவீடு செய்தோம், மண்மாதிரி எடுத்தோம் என்று சுற்றினால், ஒரு மீட்டர்கூடத் துளைக்கவில்லை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.