மன்னிச்சிட்டன். திரும்பிப் போகமாட்டன்.

அந்தத் தங்கச்சி சபையில சாட்சி சொன்ன வீடியோவையும், அதுக்குக் கீழ நம்மட ஆக்கள் எழுதினதையும் பார்த்திருப்பீங்க. பேர் எழுத விரும்பல்ல. அடிக்கிற புருஷனை விட்டு வந்தன், ஆண்டவர் என்னைக் குணமாக்கினார் எண்டுதான் அவ சொன்னா. அதுக்கு வந்த பதில்: "குணமாகிட்டீங்கதானே சிஸ்டர், அப்ப மன்னிச்சு வீட்டுக்குப் போங்க."

மன்னிக்கிறது வேற. திரும்பிப் போறது வேற. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு, நானும் அதுக்குள்ள கிடந்து வந்தவள்.

மட்டக்களப்பில வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிச்சு மாப்பிள்ளைதான் நம்மட வீட்டுக்கு வாறது. என்ட பேரில உறுதி எழுதின, அம்மா பாடுபட்டுக் கட்டித் தந்த வீட்டுக்குள்ளதான் நான் அடி வாங்கினன். ஒவ்வொரு முறையும் அவன் முதல்ல ரேடியோ சத்தத்தைக் கூட்டுவான். சபை மூப்பர்மாரிட்டச் சொன்னன். "ஜெபம் பண்ணுங்க, பொறுத்துப் போங்க" எண்டாங்க. எபேசியர் 5:22, மனைவிகள் கீழ்ப்படியவேணும் எண்ட வசனம், வாசிச்சுக் காட்டினாங்க. மூண்டு வசனம் தள்ளி, கிறிஸ்து சபைக்காகத் தன்னையே ஒப்புக்கொடுத்த மாதிரி புருஷன் மனைவியில அன்புகூரச் சொல்லியிருக்கு. அது வரைக்கும் யாரும் வாசிக்கல்ல.

வெளியில வந்த பிறகும் உடனே குணமாகல்ல. ஆராதனையில ஆரும் கதவை அடிச்சுச் சாத்தினா உடம்பு நடுங்கும். கையை உயர்த்திப் பாட ஏலாது. அப்பதான் சங்கீதம் 55 கண்ணில பட்டது. "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்." கூட இருந்தவனே செய்த துரோகத்தை நினைச்சு அழுற பாட்டு. இப்படி அழுறதுக்கு ஆண்டவர் வேதத்திலேயே இடம் வைச்சிருக்கிறார் எண்டு கண்ட அண்டைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதன். சபையில ஒரு பெரியம்மா பின்னேரங்களில பிட்டு கொண்டு வருவா. புத்தி சொல்லமாட்டா. "சாப்பிடு புள்ள" எண்டுபோட்டு ஒரு சங்கீதம் வாசிப்பா, போயிடுவா. ஆண்டவர் என்னைத் தொட்டது அந்த மனுசிக்குள்ளால. கவுன்சிலிங்குக்கும் போனன். விசுவாசம் இல்லாததாலதான் போறா எண்டு கதைச்சவங்களும் இருக்கிறாங்க. அதுவும் அவர் திறந்த கதவு எண்டுதான் நான் நம்புறன்.

"இந்த மதம்தானே உன்னை அடி வாங்க வைச்சது, இன்னும் என்னத்துக்குப் பிடிச்சுத் தொங்குற?" எண்டு கேட்கிற தோழிமாருக்கு: உங்கட கோபம் விளங்குது. ஆனா நான் பிழைச்சிருக்கிறது அவரால. அதை என்னட்ட இருந்து பறிக்க வேணாம்.

"குடும்ப விசயத்தைச் சந்திக்குக் கொண்டு வரலாமா?" அடிக்கிறது குடும்ப விசயமா? 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நம்மட நாட்டில இருக்கு. நீதிவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடிக்கிறவன் அந்த வீட்டுக்குள்ள கால் வைக்கக்கூடாது எண்டும் கட்டளை எடுக்கலாம். உங்கட வீட்டை விட்டு நீங்கதான் ஓடவேணும் எண்டு இல்ல. பொம்பிளையளுக்கான உதவி இலக்கம் 1938க்குக் கோல் எடுங்க. கத்தோலிக்க அக்காமாரே, உங்கட திருச்சபைச் சட்டம் 1153ஐக் கேட்டுப் பாருங்க. துணையால உடலுக்கோ மனசுக்கோ பெரிய ஆபத்து எண்டா பிரிஞ்சிருக்க அதில இடமிருக்கு.

பெரிய விசுவாசிகளே, ஏழெழுபதுதரம் மன்னி எண்ட வசனத்தை அந்தத் தங்கச்சிக்கு எழுதினீங்களே. அது மத்தேயு 18இல 22ஆம் வசனம். அதே அதிகாரத்தில 15இல இருந்து 17 வரைக்கும் என்ன கிடக்கு? குற்றம் செய்தவனிட்டப் போய்ச் சொல்லு, கேட்காட்டி சாட்சிகளோட போ, அதுக்கும் கேட்காட்டி சபைக்குச் சொல்லு, சபைக்கும் கேட்காட்டி அவனை அஞ்ஞானியைப் போல எண்ணு. அவ சபைக்குச் சொன்னா. நானும் சொன்னன். அவங்கட வீட்டுப் படலையைத் தட்டி "ஏன்டா அடிக்கிற?" எண்டு கேட்க உங்களில ஆர் போனீங்க?