அது பேய் வீடு இல்லை, எங்கள் ஸ்டோர்

இலங்கை மலையகத்தில் மூடிக்கிடக்கிற எங்கள் தோட்டத்து ஸ்டோருக்குள் (தேயிலைத் தொழிற்சாலை) ராத்திரியில் நுழைந்து, பேய் இருக்கிறதென்று சில தம்பிமார் வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நேற்றிலிருந்து பதினைந்து பேராவது அந்த வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டார்கள். "உங்க தோட்டத்து ஸ்டோர்தானே இது?" என்று கேள்வி வேறு. ஆமாம், எங்கள் ஸ்டோர்தான். முழுவதும் பார்த்தேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நடுவில் வருகிறதே அந்த இருமல், அதைக் கேட்ட பிறகு தூக்கம் வரவில்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அது பேய் வீடு இல்லை. தேயிலை ஸ்டோர். "காட்டுக்குள்ள எதுக்கு நாலு மாடி?" என்று அந்தத் தம்பிமார் பயந்த குரலில் கேட்கிறார்கள். மேல் மாடிகள் கொழுந்தை, அதாவது பறித்த தேயிலையை, வாட்டுவதற்கு. காற்று வேண்டும் என்றுதான் சுவர் நெடுக ஜன்னல். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) எடை போட்ட கொழுந்து பொழுது சாயும்போது மேலே ஏறும், ராத்திரி முழுக்க வாடும், விடியுமுன் கீழே இறங்கி, இலையை நசுக்கிச் சுருட்டுகிற ரோலர் மெஷினுக்குப் போகும். அவர்கள் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது ராத்திரி 2 மணிக்கு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்திலேயே வெளிச்சமும் சத்தமும் அதிகமாக இருந்த இடமும் நேரமும் அதுதான். அப்பா அந்த நேரத்துக்குத்தான் வேலைக்கு இறங்குவார். லயத்தில், எங்கள் வரிசை வீட்டில், படுத்திருந்தால் ரோலர் உறுமுவது தரை வழியாகப் பாய்க்கு வரும். அது திடீரென்று நின்றால்தான் எங்களுக்குப் பயம். கரண்ட் போனதோ, யாருக்காவது கை போனதோ என்று அம்மா எழுந்து வாசலில் போய் நிற்பார்.

கீழ்த் தளத்தில் ஒரு வட்டத்தைக் காட்டி "மாந்திரீக வட்டம்" என்கிறார்கள். ரோலர் நின்ற இடம் அது. நான் ஓ.எல். பரீட்சை எழுதின வருஷம் ஸ்டோரை மூடினார்கள். கொழுந்தை லொறியில் ஏற்றி வேறு ஸ்டோருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மெஷின்களைப் பழைய இரும்புக்குக் கழற்றிக்கொண்டு போன பிறகு போல்ட் துளைகளும் அந்தத் தடமும் மட்டும் மிச்சம். கமராவைக் கிட்டக் கொண்டுபோய் "காய்ந்த ரத்தம்" என்று காட்டுவது கொழுந்துச் சாறு. கொழுந்து நசுங்கி வடிகிற சாறு காற்றுப் பட்டால் செம்பு நிறமாகும், அப்புறம் கறுத்துவிடும். நீங்கள் குடிக்கிற தேத்தண்ணிக்கு நிறம் வருவதே அப்படித்தான். அப்பாவின் சாரத்திலும் நகக்கண்ணிலும் அந்தக் கறை கடைசி வரை போகவில்லை.

ரத்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அப்பாவின் வலக்கை நடுவிரலில் இரண்டு கணு அங்கேதான் போனது. நட்டஈட்டுக்கு அலைந்த அலைச்சலை அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தரையில் ரத்தம் இருக்கிறதென்றால் அது என் அப்பாவுடையது. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் "அதிர்ச்சி!" என்று போட்டிருக்கிறார்கள்.

மற்றதற்கெல்லாம் அதிகம் எழுத ஒன்றுமில்லை. பகல் வெயிலில் விரிந்த கூரைத் தகரம் ராத்திரிக் குளிரில் சுருங்கும்போது டக் டக் என்று கேட்கும், யாரோ நடப்பது போலவே இருக்கும். மேல் மாடியில் மரநாய் ஓடும். வீடியோவில் மிதக்கிற வெள்ளை உருண்டைகள் கமராவுக்குக் கிட்டப் பறக்கிற தூசு. பேயைக் கண்டுபிடிக்கும் என்று அவர்கள் காட்டுகிற அந்த மீட்டர் மின்காந்தத்தை அளக்கிற சாமான், பக்கத்திலேயே மூன்று போனை வைத்துக்கொண்டால் கத்தத்தான் செய்யும்.

ஆனால் வெளியே இருக்கிற கல்லையும் சூலத்தையும் காட்டி "நரபலி கொடுத்த இடமாம்" என்றதை விட மாட்டேன். அது ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். மெஷின் யாருடைய கையையும் காலையும் எடுத்துவிடக் கூடாது என்று நம்முடைய ஆட்கள் ஸ்டோருக்குக் காவல் வைத்த சாமி. தமிழ்நாட்டு ஊரிலிருந்து முனியைக் கூட்டி வந்தவர்கள், இங்கே புதிதாக வந்த ஆபத்துக்கு இங்கேயே ஒரு சாமியை உண்டாக்கிக்கொண்டார்கள். அப்பா அங்கே சூடம் கொளுத்தாமல் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அந்தக் கல்லில் சப்பாத்துக் காலை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

"உங்க ஆட்கள்தானே முதல்ல பேய்க்கதை சொன்னது" என்று வீடியோ அனுப்பினவர்களில் ஒருவர் எனக்குப் பதில் போட்டிருக்கிறார். சொன்னோம், ஏன் இல்லை? எங்கள் அப்பாயி சொன்ன கதைகள் எல்லாம், தேயிலைக்கு முந்தின கோப்பித் தோட்டக் காலத்தில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்து, வழியிலேயே விழுந்து செத்தவர்களைப் பற்றியவை. அவர்கள் ராத்திரியில் தண்ணீர் கேட்டு வருவார்களாம். அதற்காக வாசலில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துவிட்டுத்தான் படுப்பார். அப்பாயிக்குப் பேய் என்றால் தாகத்தோடு வருகிற சொந்தக்காரர். 2023-இல், நம்முடைய ஆட்கள் இங்கே வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து நடந்த மலையகம் 200 நடைபயணம் அதே வழியில் வந்தபோது நானும் ஒரு நாள் சேர்ந்து நடந்தேன், அந்தச் செம்பை நினைத்துக்கொண்டே. அந்தக் கதையையும் இந்த வீடியோவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

"தோட்டத்துக்கு விளம்பரம்தானே, டூரிஸ்ட் வருவாங்க." சரி, வரட்டும். ஹந்தானையில் 1925-இல் கட்டிய ஸ்டோர் 2001-இல் தேயிலை நூதனசாலை (மியூசியம்) ஆனது. கந்தப்பளையில் ஹெதர்செட் ஸ்டோர் ஹோட்டலாகவே இருக்கிறது. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்தையே 2007-இல் தொழிலாளர் நூதனசாலை ஆக்கினார்கள். அங்கெல்லாம் போனால் இங்கே வேலை நடந்தது என்றாவது தெரியும். இந்த வீடியோவில் வேலை என்ற சொல்லே ஒரு தடவை கூட வரவில்லை.

"அவங்கள்ல ஒருத்தன் தலவாக்கலைப் பொடியன், நம்ம பிள்ளைங்க நாலு காசு பார்க்கட்டுமே" என்கிறார்கள். அதுதான் அதிகமாக வலிக்கிறது. அவனுடைய தாத்தாவும் ஏதோ ஒரு ஸ்டோரில் கொழுந்து கொட்டியிருப்பார். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த இருமல். "ஆவியின் இருமல்" என்று பெரிய எழுத்தில் போட்டு, மூன்று தடவை திருப்பிப் போட்டு, ஓட்டம் பிடித்தார்களே, அது வாச்சர் மாமா. அப்பாவோடு ஒன்றாக ரோலரில் நின்றவர். ஸ்டோரை மூடிய பிறகு காவலுக்கு இருக்கிறார், வாசலுக்குப் பக்கத்து அறையில் படுப்பார். அன்றைக்குக் காய்ச்சல். பூட்டு உடைகிற சத்தம் கேட்டு எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார், முடியவில்லை, இருமியிருக்கிறார். இரண்டு இலட்சம் பேர் அந்த மனுஷனின் இருமலைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

இங்கே தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று பரீட்சையில் எழுதினோம். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர் ஒருவர் பெயரையாவது யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்தார்களா? 1948-இல் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு, உயிரோடு மலையில் நின்று கொழுந்து எடுத்தவர்களை இந்த நாட்டுக்கு யாரோ என்று ஆக்கினார்கள். மாமாவும் பல வருஷம் நாடற்றவராக இருந்தவர்தான். இப்போது அவர் இருமினால் அது ஆவியாம். கோபப்படாமல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை.

பூட்டு உடைந்ததற்கு மாமாவிடம் ஆபீசில் விளக்கம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். காலையில் போன் எடுத்தார். வீடியோவைப் பேரன் காட்டினானாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏம்புள்ள, நான் அன்னைக்கு இருமாம இருந்திருக்கணுமோ?" என்று கேட்டார்.