கார் ஓடவில்லை, விலைதான் ஓடியது

நாட்டில் காசுக் கஷ்டம் வந்தால் சனம் காரை விற்றுவிட்டு பஸ்ஸில் ஏறும் என்று நம்புகிறவர்கள், 2022இல் இலங்கையில் இருந்து பார்த்திருக்க வேண்டும். காரை எடுத்து ஓடுவது குறைந்தது உண்மை. விற்க மட்டும் ஒருவரும் தயாராக இல்லை.

அந்த வருடத் தொடக்கத்தில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. ஜூன் கடைசியில் 470. அந்த விலை கொடுத்தாலும் கிடைக்காது. பெற்றோல் செட்டில் தொடங்கும் வரிசை எங்கேயோ போய் முடியும். நகரும்போது ஒருவரும் ஸ்டார்ட் பண்ண மாட்டார்கள். கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கொடுத்துத் தள்ளுவார்கள். பாரமான வாகனம் என்றால் பின்னால் நிற்பவரும் வந்து கை கொடுப்பார். வரிசையில் நிற்கவே பெற்றோல் செலவழிக்க முடியுமா?

அப்புறம் கியூஆர் வந்தது, அதாவது ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கியூஆர் குறியீடு கொடுத்து, பெற்றோலை அளந்து கொடுக்கும் முறை. கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. சனத்தின் மூளை அங்கேதான் வேலை செய்தது. முற்றத்தில் சும்மா நின்ற கார் கூப்பன் அட்டை ஆகிவிட்டது. சித்தப்பாவின் காருக்கு அப்போது இருந்த ஒரே பயணம், செட்டுக்குப் போய் வருவது. வந்ததும் ரியூப் விட்டு இழுத்து, போத்தலில் பிடித்து, மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவார். வீட்டில் மற்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. இப்படிப்பட்ட காரை யார் விற்பார்கள்?

விலையும் விற்க விடவில்லை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறியது. பாவித்த வேகன்ஆர், விட்ஸ் கார்கள் எல்லாம் வாங்கிய விலையைத் தாண்டிப் போயின. வங்கியில் போட்ட காசு கரைந்தது, முற்றத்தில் விட்ட கார் பெருத்தது. லீசிங் கட்ட முடியாதவர்கள் பாடு வேறு, அவர்களிடம் இருந்து வாகனம் போனது.

சைக்கிளைச் சொல்லாமல் விட்டால் யாழ்ப்பாணத்தார் கோபிப்பார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்டின் ஏ40 கார் ஓடிய ஊர் இது. 2022இல் சைக்கிள்கள் மறுபடி றோட்டுக்கு வந்தன, விலையும் எக்கச்சக்கமாக ஏறியது. 2023 செப்ரெம்பரில் கியூஆர் நின்றது. அவ்வளவுதான், சைக்கிள் திரும்பவும் கொட்டிலுக்குள்.

2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி திறந்ததும், அத்தனை வரியையும் கட்டி வாங்க ஆள் இருந்தது. “கஷ்டத்தை மறந்துவிட்டார்கள், ஆடம்பரம்” என்று பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கஷ்டத்தை நன்றாக ஞாபகம் வைத்திருப்பதால்தான் வாங்குகிறார்கள். காசை விட இரும்பு மேல் என்று அந்த இரண்டு வருடமும் படிப்பித்துவிட்டன. 2022இல் பஸ்ஸுக்கும் டீசல் இல்லை, சரி. டீசல் வந்த பிறகு என்ன செய்தோம்? எங்கள் ஊருக்கு இரவானால் இப்போதும் பஸ் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் பக்கத்து வீட்டுக் காரைத்தான் கேட்க வேண்டும்.