செத்தால்தான் கதையா?

ஞாயிற்றுக்கிழமை நான் கேம் விளையாடிய லைவ் பார்த்தவர்களுக்கு நடந்தது தெரியும். மாஸ் எஃபெக்ட் 2 என்ற விண்வெளி கேமின் கடைசி மிஷனில் என் அணியின் விஞ்ஞானி மோர்டின் செத்துப்போனார், நான் முன்பே சேமித்திருந்த பழைய சேவ் ஒன்றை எடுத்து அங்கிருந்து ரீலோடு செய்தேன். அவ்வளவுதான். "யாரும் சாகாவிட்டால் இது கதை இல்லை, கார்ட்டூன்" என்று ஆரம்பித்த ஒருவர் இன்னும் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். கூட நாலு பேர் தலையாட்டுகிறார்கள்.

ஐயா, நான் சீட் கோடு எதுவும் போடவில்லை. யாரும் சாகாமல் திரும்பி வர கேமை எழுதியவர்களே வழி வைத்திருக்கிறார்கள். அணியில் ஒவ்வொருவரின் லாயல்டி மிஷனையும், அதாவது அவரவர் சொந்தச் சிக்கலைத் தீர்க்கும் மிஷனை, முடித்திருக்க வேண்டும். குழாய்க்குள் ஊர்ந்து போக டாலி மாதிரி மெஷின் தெரிந்த ஆளை அனுப்ப வேண்டும். கடைசிச் சண்டையில் தாக்குப்பிடிக்காத மோர்டினைக் கப்பல் ஆட்களோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும். கூட வருகிறவர்களை எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறோம் என்பதுதான் அங்கே கதை. செத்துவிடுவார்களோ என்ற பயம் போதும். செத்தே தீர வேண்டியதில்லை.

"ஏரித் சாகாவிட்டால் ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐ யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்பீர்கள். வரும் என்று தெரியும். 1997-இல் வந்த கேம், எங்கள் வீட்டுக்குச் சில வருஷம் கழித்து சித்தப்பா மகனின் பிளேஸ்டேஷனோடு வந்தது. என் அணியில் இருந்த ஏரித்தை மட்டும் நான் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். மந்திர சக்தி தரும் மெட்டீரியா கற்களில் நல்லதெல்லாம் அவளுக்குத்தான். முதல் டிஸ்க் முடிகிற நேரத்தில் வில்லன் செபிரோத் மேலிருந்து வாளோடு இறங்கி அவளைக் குத்தினான். அவள் தலையில் முடிந்திருந்த மெட்டீரியா துள்ளித் துள்ளி விழுந்து தண்ணீருக்குள் போனது. உடனே சண்டை, பின்னால் அவளுடைய இசை. "திரும்பக் கொண்டுவர வழி இருக்கு" என்றான் அண்ணன். ஒரு மே மாதம் முழுக்கத் தேடினேன். சண்டையில் விழுந்தவர்களை எழுப்புகிற ஃபீனிக்ஸ் டவுன் வேறு பை நிறையக் கிடந்தது.

சரி, அந்தச் சாவு வேலை செய்தது. 1989-லேயே ஃபேன்டசி ஸ்டார் 2 கேமில் கூட வரும் நேய் செத்ததும் வேலை செய்தது. சாம்பாருக்குப் பெருங்காயம் மணக்கிறது என்று பாயசத்திலும் போடுவீர்களா?

பாயசத்தில் போட்டதற்கு உதாரணம், முதல் மாஸ் எஃபெக்ட்டில் விர்மயர் கிரகம். கூட வருகிற ஆஷ்லியா, கெய்டனா, ஒருவரைச் சாகவிடு என்கிறது கேம். யார் பிழைத்தாலும் மூன்றாம் பாகத்தில் கிட்டத்தட்ட அதே வேலைதான். 2024-இல் வந்த டிராகன் ஏஜ் வெயில்கார்டிலும் அதே கணக்கு: ஹார்டிங்கா, டாவ்ரினா? அந்த இருவரில் யாரை இரண்டாவது குழுவுக்குத் தலைமை தாங்க அனுப்புகிறோமோ அவர் காலி. முந்தைய பாகம் வந்த 2014-இலிருந்து ஹார்டிங்கைத் தெரியும் எனக்கு.

"மூன்றாம் பாகத்தில் துச்சாங்கா கிரகத்தில் மோர்டின் செத்தபோது நீங்களே அழுததாக எழுதினீர்களே?" ஆமாம், முன்பு விளையாடியபோது அழுதேன். விஞ்ஞானியாகத் தான் முன்பு செய்த வேலையைத் தானே சரிசெய்யப் போகிறார் மனிதர். லிஃப்டில் ஏறி மேலே போய், பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலையை முடிக்கிறார். இரண்டாம் பாகத்தில் நான் காப்பாற்றியதால்தான் அந்தக் காட்சியில் அவர் இருக்கிறார். இல்லாவிட்டால் அவருடைய சலாரியன் இனத்தில் வேறொருவர் வந்து நின்றிருப்பார். அப்போது என் ரீலோடு கதையைக் கெடுத்ததா, கொடுத்ததா?

ரீலோடு செய்தால் முடிவுக்கு மதிப்பில்லையாம். டிவி என்னுடையது, கரண்ட் பில்லும் என்னுடையது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. "பெண்கள் கொஞ்சம் எமோஷனல்" என்று ஒரு சிரிக்கிற எமோஜி போட்டிருந்தாரே, அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது. இருபது வருஷத்துக்கு மேல் விளையாடுகிறேன். அண்ணனும்தான் அன்றைக்கு ஏரித்துக்காகப் பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அவனை யாரும் எதுவும் சொல்லவில்லை.

நேற்று மூன்றாம் பாகத்தில் அந்த சேவ் ஃபைலை ஏற்றினேன். எல்லோரும் உயிரோடு. மோர்டின் கப்பலின் மருத்துவ அறையில் படபடவென்று பேசிக்கொண்டிருக்கிறார். துச்சாங்கா மிஷனை இன்னும் எடுக்கவில்லை. மற்ற சைடு மிஷன் எல்லாம் முடியட்டும்.