சாலமன் பர்க்கின் 2002 ஆல்பம் பழைய பாடல்களின் தொகுப்பு அல்ல

சோல் என்னும் அமெரிக்கக் கறுப்பின இசை வகையின் பாடகர் சாலமன் பர்க்கின் 'டோன்ட் கிவ் அப் ஆன் மி' ஆல்பத்தைப் பற்றி ஒரு தகவல் சுற்றி வருகிறது. 1960-களில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் பாடிய பாடல்களைத் தொகுத்து, 2002-இல் புது அட்டை போட்டு வெளியிட்டார்களாம். இது தவறு.

அது முழுக்கப் புதிதாகப் பதிவான ஸ்டுடியோ ஆல்பம். தயாரித்தவர் ஜோ ஹென்றி. நான்கே நாட்களில், இசைக்கலைஞர்கள் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க, பர்க் நேரடியாகப் பாடினார். அதில் வரும் ஆர்கன் என்னும் விசைப்பலகைக் கருவியின் ஒலியைக் கவனித்துக் கேளுங்கள். வாசித்தவர் ரூடி கோப்லண்ட், பர்க்கின் தேவாலயத்தில் வாசித்து வந்த பார்வையற்ற கலைஞர். ஒலி பழைய காலத்தை நினைவூட்டுவது இந்த எளிமையால்தான். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரி, பாடல்கள்? பாப் டிலன், டாம் வெய்ட்ஸ், வான் மாரிசன், பிரையன் வில்சன், எல்விஸ் காஸ்டெல்லோ, நிக் லோ, டான் பென் உள்ளிட்டோர் எழுதியவை. இவற்றில் எதுவும் பர்க்கின் அட்லாண்டிக் கால ஹிட் அல்ல. இத்தனை பெரிய பாடலாசிரியர்கள் ஒருவருக்குப் பாடல் தருவதே அவர் குரலுக்குச் செய்த மரியாதை. அதைப் 'பழைய சரக்கு' என்று தள்ளுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், இதற்குச் சிறந்த சோல் ஆல்பம் என்று கிராமி இசை விருது கிடைத்ததாகவும் எழுதுகிறார்கள். கிராமி கிடைத்தது உண்மை, 2003-இல். ஆனால் சோல் அல்ல, ப்ளூஸ் என்ற வேறொரு இசை வகைக்கான சமகால ப்ளூஸ் ஆல்பம் பிரிவில். அதுவே அவருடைய முதல் கிராமி.