அந்த முந்நூறு பிரதிகளைப் பற்றி

சனிக்கிழமை கண்டியில் நடந்த பதிப்புக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். நேற்றிரவு, அங்கே ஒருவர் பேசிய வீடியோத் துண்டை இன்னும் நாலு பேர் அனுப்பி, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். சரி, சொல்கிறேன்.

பேசியவரின் பெயரை இழுக்கப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குத் தேவையில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் சின்னப் பதிப்பகம் நடத்துகிற எங்களைப் பற்றி அவர் சொன்னது மட்டும் எனக்கு வேண்டும்: "மலையகத்தில் ஆளுக்கு முந்நூறு புத்தகம் அடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். இது காகித வீண், சூழலுக்குக் கேடு. ஈ-புத்தகமாகப் போட்டால் போதும்." மண்டபம் கைதட்டியது. அவருக்குப் பின்னால் "நிலைபேறான பதிப்பு, பன்மைத்துவப் பதிப்பு" என்று பெரிய பதாகை. அதில் கூடையோடு கொழுந்து பறிக்கிற ஓர் அக்காவின் படம். அந்த அக்காவின் பெயர் எங்கும் இல்லை.

நான் கடைசி வரிசையில் இருந்தேன். என் கட்டிலுக்குக் கீழே அன்றைக்கு 141 புத்தகம் இருந்தது.

அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, வேறு இடம் கிடையாது. அட்டன் பக்கத்துப் பனிக்குப் புத்தகத்தைச் சுவரோரம் வைத்தால் ஒரு மாதத்தில் அட்டை பொங்கிவிடும், பூஞ்சணம் ஏறும். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தூள் அடைக்கிற காகிதச் சாக்குகளில் கிழிந்ததை ஒதுக்கும்போது கேட்டு வாங்கி வருவார். அந்தச் சாக்கு அடுக்கடுக்காக இருக்கும். வெளி அடுக்கை உரித்தால் உள்ளே சுத்தமான பழுப்புத் தாள், எல்லாவற்றுக்கும் உள்ளே மினுங்கும் தாள் ஒன்று. எங்கள் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு அந்தப் பழுப்புத் தாள்தான் உறை. இன்றைக்கும் பத்துப் பத்துப் புத்தகமாக அந்த மினுங்கும் தாளில் சுற்றி, சணல் கட்டி, பலகை போட்டுத் தரையிலிருந்து நாலு விரல் உயர்த்தி வைக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முந்திய கட்டைப் பிரித்தாலும் தூள் வாசனையோடு புதுப் புத்தகம் வெளியே வரும்.

இதுவரை ஏழு புத்தகம் போட்டிருக்கிறோம். ஒரு பிரதிகூடப் பழைய பேப்பர்காரரிடம் போனதில்லை. மெதுவாகப் போகும், ஆனால் போகும்.

பெரிய புத்தகத் தொழிலில் காகிதம் எங்கே வீணாகிறது என்பது அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாததா? பெரிய பதிப்பகங்கள் விற்குமென்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கில் அடித்துக் கடைகளுக்கு அனுப்புகின்றன. விற்காததைக் கடை திருப்பி அனுப்பலாம். திரும்பி வருகிறதில் ஒரு பங்கு அரைபட்டுக் கூழாகிறது. போன வழிக்கும் வந்த வழிக்கும் லொறிக்கு எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. இதெல்லாம் அந்தத் தொழிலில் இருப்பவர்களே ஒத்துக்கொள்கிற தலையிடி. அதைப் பற்றிச் சனிக்கிழமை ஒரு வார்த்தை வரவில்லை. என் கட்டிலைப் பற்றி வந்தது.

எப்.எஸ்.சி. (Forest Stewardship Council) முத்திரையைப் பற்றியும் நீளமாகப் பேசினார்கள். 1993இல் உருவான அமைப்பு. மரம் பொறுப்பாகப் பராமரித்த காட்டிலிருந்து வந்தது என்பதற்கான சான்று. நல்ல காரியம், எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் அந்த முத்திரையைப் புத்தகத்தில் போடக் காகிதத்துக்குச் சான்று இருந்தால் போதாது, அச்சகத்துக்கும் இருக்க வேண்டும். அதற்குத் தணிக்கை உண்டு, கட்டணம் உண்டு. எங்களுக்கு அடித்துத் தருகிற இடத்தில் முதலாளியோடு சேர்த்து நாலு பேர். போன வருடம் ஓர் உதவித்தொகை விண்ணப்பத்தில் "உங்கள் பதிப்பகத்துக்குச் சூழல் கொள்கை ஆவணம் இருக்கிறதா?" என்று ஒரு கட்டம் இருந்தது. ஆவணம் இல்லை, ஆகவே இல்லை என்று போட்டேன். காரணம் சொல்லாமல் நிராகரித்து மின்னஞ்சல் வந்தது. தேயிலைச் சாக்குத் தாளைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

எங்களுக்கு நிலைபேறு என்றால் அடுத்த புத்தகம் வர வேண்டும். அவ்வளவுதான். அடுத்த புத்தகம் வருமா? அந்தக் கேள்விக்கு உதவாத எந்தக் கொள்கையும் எங்களுக்கு உதவாது.

அடுத்த புத்தகம் எப்படி வருகிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடன் வாங்கி முந்நூறு அடிப்போம். வெளியீட்டு விழா வைப்போம். முதற்பிரதியை வாங்க ஒரு வர்த்தகரைக் கெஞ்சிக் கூப்பிடுவோம், சிறப்புப் பிரதி வாங்க வருகிறவர்கள் உறையில் காசு வைப்பார்கள். அன்றைக்கு இரவு உறைகளைப் பிரித்து எண்ணும்போது அச்சுக்கூலி தேறினால் அது நல்ல விழா. கடைக்குக் கொடுத்தால் கொமிஷன் போக மிச்சக் காசு வர ஒரு வருடமாகும். அதனால் மிச்சப் பிரதிதான் எங்கள் கைமுதல். ஓர் ஆசிரியர் கேட்பார், ஒரு வாசிகசாலை கேட்கும், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் பத்து எடுப்பார். அந்தச் சில்லறைதான் அடுத்த புத்தகம்.

தோட்டத்து ஆட்கள் வாங்க மாட்டார்களா என்று கேட்காதீர்கள். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா. எங்கள் புத்தகம் 800 ரூபா. அந்த 800 ரூபாவை ஒருவரிடம் கேட்க எனக்கு வாய் வராது. ஆனாலும் வாங்குகிறார்கள், சம்பளத்தன்று வந்து வாங்குகிறார்கள். அதைப் பற்றி யாரும் கட்டுரை வாசிக்கவில்லை.

2022ஐ எல்லோரும் மறந்துவிட்டீர்களா? காகிதம் இல்லாமல் பள்ளிக்கூடப் பரீட்சை தள்ளிப்போன வருடம். சில பத்திரிகைகள் அச்சையே நிறுத்திய வருடம். எங்கள் நாலாவது புத்தகம் அப்போது அச்சகத்தில் இருந்தது. காலையில் ஒரு விலை சொன்ன அச்சகக்காரர், "தங்கச்சி, இது இன்னைக்குப் பின்னேரம் வரைக்கும்தான்" என்றார். பின்னேரத்துக்குள் காசு தேறவில்லை. பதினாறு பக்கத்தைக் குறைத்தோம். ஒரு முழுக் கதை போனது. எழுதிய அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். அந்தக் கதை இன்னும் அச்சேறவில்லை. காகிதத்தின் அருமை எங்களுக்குத் தெரியாதென்று எங்களிடமே சொல்கிறார்கள். இந்த நாட்டில் வைக்கோலில் இருந்து காகிதம் செய்த வாழைச்சேனை ஆலை இருந்தது, 1950களில் தொடங்கியது. அது நலிந்துபோன கதையைப் பேசியிருந்தால் நானும் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

"அப்படியானால் ஈ-புத்தகம் போட வேண்டியதுதானே, ஏன் பிடிவாதம்?" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: கொரோனாக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறி மரமேறிப் படித்த படங்களை நீங்களும் பகிர்ந்தீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதில் ஒரு டேட்டா கார்ட். அந்தப் போனில் இருநூறு பக்கம் படிக்கச் சொல்கிறீர்களா? மின்னூல் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கிற நூலகம் திட்டம் 2005இலிருந்து செய்கிற வேலைக்குக் கையெடுத்துக் கும்பிடுவேன். கடையில் கிடைக்காத எத்தனையோ மலையக நூல்களை நான் அங்கேதான் படித்தேன். எங்கள் புத்தகங்களையும் அங்கே கொடுத்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் ஏற்றுவதற்கு முதலில் ஒரு புத்தகம் இருக்க வேண்டும்.

இது எங்களோடு தொடங்கிய வேலையும் கிடையாது. தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யர் 1920களில் பத்திரிகை நடத்தினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுகளை எழுதி, 1940இல் புத்தகமாகவும் அடித்து, தொழிலாளர் முன்னால் பாடவும் செய்தார். துரை விஸ்வநாதன் ஒரு வியாபாரி. 1997இல் சிதறிக் கிடந்த மலையகச் சிறுகதைகளைத் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பைக் கொண்டு தொகுப்பித்துக் கைக்காசு போட்டு வெளியிட்டார். அடுத்த வருடமே மறைந்தார். ஒரு மனிதரின் மூச்சையும் பணப்பையையும் நம்பி ஓர் இலக்கியம் இருந்தது. நிலைபேறு என்று பேசுகிறவர்கள் பேச வேண்டியது இதைத்தான். ஓர் ஆள் போனால் பதிப்பகமும் போய்விடுகிறதே, அதற்கு என்ன வழி?

இனிப் பன்மைத்துவம். எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்து இருநூறு வருடமாகிறதென்று 2023இல் "மலையகம் 200" என்ற பேரில் எத்தனை மேடை போட்டார்கள், எத்தனை பதாகை! ஒவ்வொன்றிலும் அந்தக் கூடைப் படம். எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக் குடிமக்களா இல்லையா என்பதையே 1948இல் கேள்வியாக்கின நாடு இது, அதனால் படம் போடுகிறார்களே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று எங்கள் எழுத்தாளர் ஒருவரின் கதைகளைக் கேட்டது. அனுப்பினோம். பிழைதிருத்தி வந்த படியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். "லயத்துக் காம்பரா" என்ற இடத்தில் சிவப்பு மையில் கோடு, மேலே "குடியிருப்பு அறை". "பெரட்டுக்களம்" அடிபட்டு "வருகைப் பதிவிடம்" ஆகியிருந்தது. ஒரு பக்கத்தில் ஓரத்தில் கேள்வி: "பேர் போடுதல் என்றால் என்ன? வாசகருக்குப் புரியாது." பேர் போடுதல் என்றால், அன்றைய நாளுக்கு உன் பெயர் தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் ஏறுவது. அரைப் பேர் போட்டால் அரைச் சம்பளம். எங்கள் அம்மா ஓர் இலை குறைந்ததற்காக அரைப் பேரோடு வீட்டுக்கு வந்த நாட்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் என்ன மிச்சம்? எங்கள் படம் அட்டையில் வேண்டும், எங்கள் சொல் உள்ளே வேண்டாம். திருத்துகிற நாற்காலியில் எங்கள் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தச் சிவப்புக் கோடு விழுந்திருக்காது.

"அந்தக் கூட்டத்துக்கு நீயும் கூப்பிட்டதும் போனாய்தானே?" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். போனேன். அதற்கு மேல் அதில் பதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு தங்கை உள்பெட்டியில் கேட்டாள்: "ஏழு புத்தகத்தில் பெண்கள் எழுதியது எத்தனை அக்கா?" இரண்டு. கொழுந்து பறிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், நானும் ஒரு பெண், இருந்தும் இரண்டுதான். காரணம் சொல்ல முடியும். விடிய நாலு மணிக்கு எழும்பி, மலைக்குப் போய், பின்னேரம் வந்து சமைக்கிறவள் எப்போது எழுதுவாள்? ஆனால் நாங்களும் தேடிப் போகவில்லை, வந்த கையெழுத்துப் பிரதிகளைத்தான் பார்த்தோம். அது எங்கள் பிழை. அந்தத் தங்கை கேட்டது சனிக்கிழமை பேசிய எல்லோரும் பேசியதைவிடப் பெரிய கேள்வி.

அந்த இரண்டில் ஒன்று எழுதப்பட்ட புத்தகமே இல்லை. எங்கள் டிவிஷனில், தோட்டத்தில் "கணக்கு" என்று சொல்கிற பிரிவில், இருந்த ஓர் அம்மாயி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும். ஆறு மாதம் பின்னேரங்களில் போய் போனில் பதிந்து, இரவில் கேட்டுக் கேட்டு எழுதினோம். அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. புத்தகம் வந்த அன்றைக்கு முதல் பிரதியை அடுப்படிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். புரட்டினார், முகர்ந்தார், தன் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு அதில் விரலை வைத்தார். பிறகு கேட்டார்:

"எத்தன அடிச்சீங்க?"

"முந்நூறு, அம்மாயி."

கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார். "நம்ம கணக்குல தொண்ணூத்தாறு வீடு. மேக்கணக்குல அதுக்கு மேல இருக்கும். அங்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற இருக்கே." புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பத்தாதேம்மா."